தவசிப்பிள்ளையும் போட்டோகிராபரும்: ‘புரொபஷனல்’ என்ற சொல்லுக்கு ஓர் எளிய விளக்கம்

கல்யாணம் பேசி முடிந்ததும் நெல்லைப் பக்கம் மூன்று பேருக்கு போன் போகும். மண்டபத்துக்கு, கல்யாணச் சமையல் பார்க்கிற தவசிப்பிள்ளைக்கு, போட்டோகிராபருக்கு. முதல் இரண்டு போனிலும் பேச்சு தெளிவாக இருக்கும். அந்தத் தேதியில் மண்டபம் காலியா, இலைக்கு எவ்வளவு. மூன்றாவது போனில்தான் தடுமாற்றம்.

“தம்பி புரொபஷனல்தான? என்ன கேமரா வச்சிருக்கிய?”

இரண்டு கேள்வியும் ஒரே மூச்சில் வரும். இரண்டாவதற்குப் பதில் கிடைத்துவிட்டால் முதலாவதுக்கும் கிடைத்துவிட்டது என்கிற நினைப்பு. டவுன் ரதவீதியை ஒட்டிய ஒரு ஸ்டுடியோவில் லைட் பிடிக்கிற பையனாகச் சேர்ந்து, பிறகு கேமராவைத் தூக்கி, பத்து வருடத்துக்கு மேல் இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவன் நான். ஒரு தடவைகூடச் சரியாகச் சொன்னதில்லை. கேமரா மாடலைச் சொல்லிவிட்டு போனை வைத்துவிடுவேன். சொல்லியிருக்க வேண்டிய பதில் கொஞ்சம் நீளம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வீட்டுச் சொதியும் பந்திச் சொதியும்

என் ஆச்சி வைக்கிற சொதிக்கு ஈடு கிடையாது. மூன்று தடவை பிழிந்த தேங்காய்ப்பால், பாசிப்பருப்பு, முருங்கைக்காய், கடைசியில் எலுமிச்சை. கூட இஞ்சிப்பச்சடி. எந்தத் தவசிப்பிள்ளையின் சொதியையும் விட அது ருசி என்று எங்கள் தெருவே சத்தியம் பண்ணும். ஒரு மறுவீட்டுக்கு, ‘வெளியில் எதுக்கு, நானே வைக்கிறேன்’ என்று அறுபது பேருக்கு இறங்கினாள். பெரிய அண்டாவில் தலைப்பால் திரிந்துவிட்டது. அன்றைக்கு மாப்பிள்ளை வீட்டார் ரசத்தோடு எழுந்தார்கள். ஆச்சி சிரித்துக்கொண்டே, “அடுத்த தடவை பாத்துக்கிடலாம்” என்றாள். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கவும் முடியாது. அவள் சம்பளம் வாங்கவில்லை, வாக்கும் கொடுக்கவில்லை.

தவசிப்பிள்ளைக்கு அந்தச் சலுகை இல்லை. காலை ஏழரைக்கு முதல் பந்தி என்றால் ஏழரைக்கு இலை விழ வேண்டும். தேங்காய் வழுக்கையாக வந்தாலும், அடுப்பு நடுவில் அணைந்தாலும், கையாள் ஒருவன் வராமல் போனாலும் ஏழரை ஏழரைதான். முந்நூறு பேர் என்று சொல்லி நானூற்றைம்பது பேர் வந்து நின்றாலும் சமாளித்தாக வேண்டும். அவர் சொதி ஆச்சி சொதியை விட ஒரு மாற்றுக் குறைவாக இருக்கலாம். ஆனால் திரியாது. திரிந்தாலும் இலைக்கு வராது, அதற்குள் வேறொன்று தயாராகியிருக்கும்.

ஆச்சிக்கும் தவசிப்பிள்ளைக்கும் உள்ள இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் விஷயத்தில் பாதி முடிந்தது. ருசியில் யார் பெரியவர் என்பது தனி வழக்கு. இங்கே பேச்சு, யார் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பது.

சொல்லுக்குப் பொருள்

புரொபஷனல் போட்டோகிராபர், தமிழில் தொழில்முறைப் புகைப்படக்காரர்: இன்னொருவருடைய தேவைக்காக, பேசிய கூலிக்கு, பேசிய நாளில், பேசிய தரத்தில் படம் எடுத்து ஒப்படைப்பதாக வாக்குக் கொடுத்து, அது தவறினால் பொறுப்பேற்கிறவர். அவ்வளவுதான். இதில் கேமராவின் விலை வரவில்லை, திறமை வரவில்லை, முழுநேரமா பகுதிநேரமா என்பதும் வரவில்லை.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் நிற்கும் சொல் அமெச்சூர். நம் ஊரில் இதை ‘கத்துக்குட்டி’ என்ற பொருளில் திட்டுவதற்குப் பயன்படுத்துகிறோம். அன்பு செலுத்துவது என்ற பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த சொல் அது. ஆசைக்காகச் செய்கிறவர் என்று பொருள். ஆசைக்காக எடுக்கிறவர் மோசமாகத்தான் எடுப்பார் என்று எந்த அகராதியும் சொல்லவில்லை.

அமெரிக்காவில் சிகாகோ நகரத்தில் விவியன் மேயர் என்ற பெண்மணி வீடுகளில் பிள்ளை வளர்க்கும் வேலை பார்த்தார். ஓய்வு நேரத்தில் தெருத்தெருவாக நடந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார். பலவற்றைக் கழுவிக்கூடப் பார்க்கவில்லை. 2007இல் அவருடைய பெட்டிகள் ஏலத்துக்கு வந்த பிறகுதான் உலகம் அந்தப் படங்களைப் பார்த்து அசந்தது. 2009இல் அவர் காலமானார். இருபதாம் நூற்றாண்டின் சிறந்த தெருப் புகைப்படக்காரர்களில் ஒருவர் என்று இன்றைக்குப் பேசுகிறார்கள். அவர் ஒரு நாளும் புரொபஷனல் கிடையாது.

மறுபக்கம், இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹோமாய் வியாரவாலா. சுதந்திரம் வந்த நாட்களை, நேருவை, டெல்லிக்கு வந்த தலைவர்களையெல்லாம் எடுத்தவர். வேலையாக எடுத்தார், சம்பளத்துக்கு எடுத்தார். 1970இல் கேமராவை வைத்தவர், 2012இல் காலமாகும் வரை மறுபடி தொழிலுக்குத் திரும்பவில்லை. அவர் புரொபஷனல், அதே சமயம் மிகப் பெரிய கலைஞரும்கூட. இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கலாம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

இதுவரை பார்த்தது: புரொபஷனல் என்பது திறமைக்குக் கொடுக்கிற பட்டம் இல்லை. வாக்குக் கொடுத்து நிறைவேற்றும் ஒரு வேலை முறையின் பெயர். இனி, அந்த வாக்கை நிறைவேற்ற என்னென்ன வேண்டும் என்று பார்ப்போம். முதலில் எல்லோரும் கேட்கிற கேமரா.

கேமரா என்பது ஒரு மடை

தாமிரபரணிப் பாசனம் தெரிந்தவர்களுக்குக் கேமரா புரிய ஐந்து நிமிடம் போதும். கன்னடியன் கால்வாயோ பாளையங்கால்வாயோ, வயலுக்குத் தண்ணீர் மடை வழியாகத்தான் வருகிறது. வயலில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்பதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: மடையை எவ்வளவு அகலமாகத் திறந்தீர்கள், எவ்வளவு நேரம் திறந்து வைத்தீர்கள்.

கேமராவில் தண்ணீருக்குப் பதில் வெளிச்சம். வயலுக்குப் பதில் உள்ளே இருக்கும் சென்சார் என்ற சில்லு. மடையின் அகலத்துக்குப் பெயர் அபெர்ச்சர். திறந்திருக்கும் நேரத்துக்குப் பெயர் ஷட்டர் ஸ்பீடு. ஒரு படத்துக்காக மொத்தமாக உள்ளே விழுந்த வெளிச்சத்தின் அளவு எக்ஸ்போஷர். குறைந்தால் படம் இருட்டு, கூடினால் வெளுப்பு.

மூன்றாவதாக ஒன்று உண்டு, அதற்கு வயல் உதவாது, கோயில் கொடை விழாவுக்குக் கட்டுகிற மைக்செட்தான் சரி. பாடுகிறவர் குரல் சன்னமாக இருந்தால் செட்டுக்காரர் வால்யூமைத் திருகுவார். குரல் பெரிதாகும், கூடவே ‘உஸ்’ என்ற இரைச்சலும் பெரிதாகும். வெளிச்சம் போதாத இடத்தில் சென்சாரிலிருந்து வரும் சிக்னலை இப்படிப் பெருக்குகிற திருகுக்குப் பெயர் ஐஎஸ்ஓ. ஏற்றினால் படம் வெளிச்சமாகும், ரவை கொட்டியதுபோலப் புள்ளிகளும் தெரியும்.

இந்த மூன்றையும் கேமராவே ஆட்டோவில் பார்த்துக்கொள்ளாதா? பார்த்துக்கொள்ளும், நிறைய நேரம் நன்றாகவே. ஆனால் வெளிச்சத்தை அளக்கும்போது, எதிரில் இருப்பது எல்லாம் கலந்தால் நடுத்தரச் சாம்பல் நிறம் வரும் என்ற ஊகத்தில்தான் அது கணக்குப் போடுகிறது. பட்டு வேட்டி, வெள்ளைச் சட்டையில் பத்துப் பேர் நிற்கிறார்கள் என்றால் ‘அடேயப்பா, இவ்வளவு வெளிச்சமா’ என்று பயந்து குறைத்துவிடும். வேட்டி அழுக்காகத் தெரியும். கிருஷ்ணாபுரம் கோயில் சிலைகளைப் போன்ற கருங்கல்லைக் காட்டினால் ‘இருட்டு’ என்று நினைத்துக் கூட்டிவிடும். கல் சாம்பல் பூத்துப்போகும். புதுக் கேமராக்கள் முகத்தைக் கண்டுபிடித்து இதைக் கொஞ்சம் சரிசெய்கின்றன. இருந்தாலும் வேட்டி வெள்ளை, கல் கருப்பு என்று தெரிந்த ஓர் ஆள் பின்னால் நிற்க வேண்டியிருக்கிறது.

இங்கேயே ஒரு மூடநம்பிக்கையையும் முடித்துவிடுகிறேன். பின்னணி மங்கலாக இருந்தால் அது ‘புரொபஷனல் போட்டோ’ என்கிறார்கள். மடையை அகலமாகத் திறந்தால் பின்னணி மங்கும், அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. இப்போது போனே அதைக் கணக்குப் போட்டு மங்கலாக்கிக் கொடுக்கிறது. மேடையில் இரண்டு வரிசையாகப் பன்னிரண்டு பேர் நிற்கும்போது அதே அகலத்தில் எடுத்தால் முன்வரிசை பளிச்சென்று இருக்கும், பின்வரிசையில் நிற்கும் பெரியப்பா முகம் கரைந்துவிடும். மடையைச் சுருக்க வேண்டிய இடத்தில் சுருக்கத் தெரிந்தவனுக்குத்தான் அடுத்த கல்யாணத்துக்கும் அந்தப் பெரியப்பா போன் போடுவார்.

தாலி கட்டும் எட்டு நொடி

ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேர் திரும்புகிற தருணத்தைத் தவறவிட்டுவிட்டு, ‘இன்னொரு தடவை இழுங்க’ என்று சொல்ல முடியுமா? தாலி கட்டும் அப்படித்தான்.

நான் இரண்டாவது கேமராவாக நின்ற முதல் கல்யாணம் நன்றாக நினைவிருக்கிறது. முகூர்த்தத்துக்கு அரை மணி நேரம் முன்பே அண்ணாச்சி (ஸ்டுடியோ ஓனர், எல்லோருக்கும் அவர் அண்ணாச்சிதான்) மணவறையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். புரோகிதர் எந்தப் பக்கம் உட்காருவார், ஓமப் புகை எந்தப் பக்கம் போகிறது, பெண்ணின் அம்மா எங்கே நிற்பார் என்று பார்த்தார். மேடைக்குப் பின்னால் எல்இடி விளக்குகள். அவற்றைக் காட்டி ஒரு படம் எடுத்துத் திரையில் பார்த்தார். படத்தில் குறுக்கே பட்டை பட்டையாக இருட்டு. நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. அதனால் மலிவான எல்இடி நொடிக்கு 100 தடவை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது, வேகமாகத் திறந்து மூடும் ஷட்டருக்குத் தெரியும். நொடியில் நூறில் ஒரு பங்குக்கு ஷட்டரை வைத்தார். பட்டை போய்விட்டது. கை அசைவு மங்காமல் இருக்க ஃபிளாஷைக் கூட்டினார்.

பிறகு பாதி தீர்ந்த பேட்டரியை எடுத்துப் பையில் போட்டுவிட்டு முழுசாக ஏறியதை மாட்டினார். எனக்கு விநோதமாக இருந்தது. பாதி இருக்கிறதே.

“ஏலேய், கார்டுல எவ்ளோ இருக்கு?”

“நானூறு படம் போகும் அண்ணாச்சி.”

“மாத்து.”

“நானூறு இருக்கே...”

“மாத்துலே.”

மாற்றினேன். “கெட்டிமேளம்” என்று குரல் வந்ததும் நாதஸ்வரமும் தவிலும் ஒன்றாக எழுந்தன. மாப்பிள்ளையின் கை பெண்ணின் கழுத்துக்குப் பின்னால் போனது. அட்சதை பறந்தது, இருபது போன்கள் கையோடு உயர்ந்தன, ஒரு மாமா எனக்கு முன்னால் வந்து நின்றார். முதல் முடிச்சு மாப்பிள்ளை, அடுத்த முடிச்சுகள் நாத்தனார். எல்லாம் எட்டு நொடி இருக்கும். மாமாவின் முதுகைத்தான் நான் எடுத்தேன். அண்ணாச்சி அரை மணி நேரம் முன்பே பிடித்து வைத்திருந்த இடத்தில், புரோகிதரின் தோளுக்கு மேலே, முடிச்சையும் பெண்ணின் முகத்தையும் பின்னால் அம்மாவின் கண்ணையும் ஒரே படத்தில் எடுத்திருந்தார். மாமா வருவார் என்று அவருக்குத் தெரியும். எல்லாக் கல்யாணத்திலும் ஒரு மாமா வருவார்.

சர்ச் கல்யாணத்தில் மோதிரமும் முதல் நடையும், நிக்காஹில் கையெழுத்து. மேலப்பாளையம் மாதிரி இடங்களில் பெண்கள் பகுதிக்குப் பெண் போட்டோகிராபர்தான் போக முடியும், அதற்கும் முன்கூட்டியே ஆள் பேசி வைக்க வேண்டும். எங்கே எட்டு நொடி ஒளிந்திருக்கிறது என்பது சடங்குக்குச் சடங்கு மாறும். அதை முதலிலேயே தெரிந்து வைத்திருப்பதுதான் வேலை.

இரண்டு கார்டு, மூன்று நகல்

இனி சொல்லப்போவது என் தப்பு. ஒரு பங்குனி உத்திரம். காட்டுக்குள் இருக்கும் ஒரு சாஸ்தா கோயிலில் காதுகுத்து. அண்ணாச்சிக்கு அன்று வேறு வேலை, முதன்முறையாக என்னைத் தனியாக அனுப்பினார். தாய்மாமன் மடியில் பிள்ளை வீரிட்டு அழுகிறது, ஆசாரி கம்பியை எடுக்கிறார், எல்லாம் பிரமாதமாக எடுத்தேன். கார்டு நிறைந்தது. கேமராவில் சிவப்பு விளக்கு இன்னும் மினுக்கிக்கொண்டிருந்தது. படம் இன்னும் எழுதப்படுகிறது என்று அர்த்தம். அவசரத்தில் அதைக் கவனிக்காமல் கார்டை உருவிவிட்டேன்.

ஸ்டுடியோவில் வந்து போட்டால் கார்டு திறக்கவில்லை. மென்பொருள் வைத்துத் தோண்டியதில் மொட்டை போட்ட படங்கள் கிடைத்தன, பொங்கல் பானை கிடைத்தது. காது குத்திய படம் ஒன்றுகூட இல்லை. அண்ணாச்சி அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்க அந்த வீட்டுக்கு என்னையும் கூட்டிப்போனார். பிள்ளையின் தாத்தா பணத்தை வாங்கவில்லை. “காது ரெண்டாந்தடவ குத்த முடியாதுல்லா தம்பி” என்று மட்டும் சொன்னார். அந்தத் திண்ணையிலிருந்து எழுந்து வர எனக்குக் கால் வரவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு கார்டு போடுகிற கேமராவுக்கு மாறினோம். ஒவ்வொரு படமும் ஒரே நேரத்தில் இரண்டு கார்டிலும் பதியும், ஒன்று செத்தாலும் மற்றது இருக்கும். விலையுயர்ந்த கேமராவை நான் நியாயப்படுத்துவது இந்த ஓர் இடத்தில்தான். அழகான படத்துக்காக அல்ல, இரண்டாவது கார்டு ஓட்டைக்காக.

கார்டோடு கதை முடியாது. இதற்கு ஒரு விதி உண்டு, 3-2-1 என்பார்கள். படங்களுக்கு மூன்று நகல், இரண்டு வேறு வகைச் சாதனங்களில், அதில் ஒன்று வேறோர் இடத்தில். கடைசியில் வரும் அந்த ‘வேறோர் இடம்’ எதற்கு என்று பலர் சலித்துக்கொள்வார்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி பெருக்கெடுத்து ஜங்ஷன் பஸ் ஸ்டாண்ட் தண்ணீரில் நின்றபோது அதற்குப் பதில் கிடைத்தது. மூன்று ஹார்ட் டிஸ்க்கையும் ஒரே அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்திருந்தால் அது மூன்று நகல் இல்லை, ஒரே நகல்தான். அண்ணாச்சி ஒரு டிஸ்க்கைப் பாளையங்கோட்டையில் மகள் வீட்டு பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு நடுவில் வைத்திருந்தார். மகளுக்கு அதில் பெரிய வருத்தம்.

இதுவரை பார்த்தது: கேமரா வெளிச்சத்தை அளந்து விடும் ஒரு மடை. மற்றதெல்லாம் முன்யோசனை. எங்கே நிற்பது, எப்போது பேட்டரி மாற்றுவது, கார்டு செத்தால் என்ன, ஆறு பெருகினால் என்ன. வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரியாத இந்த வேலைக்குத்தான் காசு.

ஒரு க்ளிக் ஒரு ரூபாய்

“அமுக்குனா விழப்போவுது, இதுக்கு இவ்ளோ காசா?” என்ற கேள்விக்குக் கணக்குதான் பதில். கீழே வருவது ஓர் உதாரணக் கணக்கு. ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் தொகை மாறும். கணக்குப் போடும் விதம் மாறாது.

இரண்டு லட்ச ரூபாய்க் கேமரா, அதன் ஷட்டர் இரண்டு லட்சம் தடவை திறந்து மூடும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் ஒரு க்ளிக் ஒரு ரூபாய். கல்யாணத்துக்கு மூவாயிரம் க்ளிக், மூவாயிரம் ரூபாய். ஷட்டரை மாற்றிக்கொள்ளலாம் என்பது உண்மை. ஆனால் அதற்குள் கேமராவே பழசாகி, வாங்க ஆளில்லாமல் போயிருக்கும்.

பேக்கேஜ் 35,000 ரூபாய். ஆல்பம் பிரிண்ட் 8,000. க்ளிக் 3,000. இரண்டாவது கேமராக்காரருக்கும் லைட் பையனுக்கும் சேர்த்து 7,000. வண்டி, சாப்பாடு 1,500. ஆல்பம் டிசைன் 3,000. மீதி 12,500.

அது ஒரு நாள் கூலி இல்லை. படம் எடுப்பது ஒரு நாள். மூவாயிரத்திலிருந்து அறுநூறைப் பொறுக்குவது, நிறம் திருத்துவது, வீட்டாரிடம் காட்டி ‘சித்தி படம் இல்லையே’ என்று திட்டு வாங்கி மறுபடி மாற்றுவது, லேபுக்கு அனுப்புவது எல்லாம் சேர்த்து இன்னும் ஐந்து நாள். ஆக, நாளுக்கு இரண்டாயிரத்துச் சொச்சம்.

இதில் ஆடி வரும், மார்கழி வரும், புரட்டாசியிலும் பல வீடுகளில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். வருடத்துக்கு நாற்பது கல்யாணம் கிடைத்தால் அது நல்ல வருடம். நாற்பதுக்கும் சேர்த்து ஐந்து லட்சம். கடை வாடகை மாதம் 8,000 என்றால் 96,000 போகும். மிச்சத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் முப்பத்து மூவாயிரம் சொச்சம். கரண்டு பில்லும் கேமரா லோன் வட்டியும் இன்னும் கழிக்கவில்லை. (மொத்த வரவு 14 லட்சம்தான் என்பதால் சேவைத் தொழிலுக்கான 20 லட்ச ஜிஎஸ்டி வரம்புக்குள் நிற்கிறார் என்பது ஒரு சின்ன ஆறுதல்.)

பக்கத்து வீட்டுப் பையன் பத்தாயிரத்துக்கு வருகிறேன் என்கிறானே? அவன் ஏமாற்றுகிறான் என்று நான் சொல்ல மாட்டேன். பெரும்பாலும் அவன் கணக்கு எழுதியிருக்க மாட்டான், அவ்வளவுதான். க்ளிக் காசையும் ஐந்து நாள் உழைப்பையும் தன் சட்டைப்பையிலிருந்து போடுகிறான். இரண்டு வருடத்தில் கேமரா கெடும்போது தெரிந்துகொள்வான். நானும் அப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

படம் யாருக்குச் சொந்தம்?

இந்தத் தொழிலிலேயே அதிகமாகத் தப்பாகப் புரிந்துகொள்ளப்பட்ட விஷயம் இது. போட்டோகிராபர்களே தப்பாகச் சொல்வார்கள்: “எடுத்தவன் நான், உரிமை எனக்கு.”

பதிப்புரிமை என்பது ஒரு படத்தை நகலெடுக்கவும் வெளியிடவும் பிறருக்கு அனுமதி தரவும் உள்ள சட்ட உரிமை. பொதுவாகப் படைத்தவருக்குத்தான் அது போகும். ஆனால் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, பதினேழாவது பிரிவில் ஒரு விலக்கு வைத்திருக்கிறது. ஒருவர் கேட்டுக்கொண்டு, அவரிடம் கூலி வாங்கி எடுத்த புகைப்படம் என்றால், வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், முதல் உரிமையாளர் காசு கொடுத்தவர்தான். ஆக, கூந்தன்குளத்துக்குப் போய் மஞ்சள் மூக்கு நாரையை என் ஆசைக்கு எடுத்தால் அந்தப் படம் என்னுடையது. உங்கள் மகள் கல்யாணத்தை உங்கள் காசுக்கு எடுத்தால், எழுத்தில் வேறு மாதிரி பேசாத வரை, அது உங்களுடையது. எடுத்தவர் உயிரோடு இருக்கும் காலமும், அவர் காலமான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகளும் அந்த உரிமை நிற்கும்.

இது தெரியாமல்தான் பாதிச் சண்டை. மணப்பெண்ணைக் கேட்காமல் அவள் படத்தை விளம்பரத்துக்கு இன்ஸ்டாகிராமில் போடுகிற ஸ்டுடியோ, தன் சொத்து என்று நினைத்துக்கொண்டு அடுத்தவர் சொத்தை எடுத்து வைக்கிறது. மறுபக்கம், “மொத்த ரா ஃபைலையும் குடுங்க” என்று நிற்கும் வீட்டார். ரா என்பது கேமரா பிடித்ததைத் திருத்தாமல் அப்படியே வைத்திருக்கும் கோப்பு, வேகாத அரிசி மாதிரி. தவசிப்பிள்ளையிடம் சோற்றுக்குத்தான் பேசினோம், அரிசி மூட்டையும் சேர்த்தா என்பதை முதலிலேயே பேசியிருக்க வேண்டும். எத்தனை படம், எந்தத் தேதிக்குள், ரா உண்டா, வெளியில் போட அனுமதி உண்டா, வர முடியாமல் போனால் யார் வருவார், அட்வான்ஸ் என்னாகும். ஒரு பக்கத் தாளில் இதை எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால் போதும். “நம்ம பயலுவதான, எழுத்தெல்லாம் எதுக்கு” என்று சொல்கிற வீட்டில்தான் கட்டாயம் எழுத வேண்டும்.

பாஸ்போர்ட் சைஸும் புரொபஷனல்தானா?

ஆமாம். நிழல் விழாத வெளிச்சம், வெள்ளைப் பின்னணி, 3.5 × 4.5 சென்டிமீட்டர், கண் திறந்திருக்க வேண்டும், ஐந்து நிமிடத்தில் கையில் இருக்க வேண்டும். நாளுக்கு முப்பது பேருக்கு முப்பதும் ஒரே தரத்தில் வர வேண்டும். கலை உலகம் கண்டுகொள்ளாத இந்த வேலைதான் வாக்கும் நிறைவேற்றமும் என்பதற்குச் சுத்தமான உதாரணம்.

வாரநாளில் பள்ளியில் பாடம் நடத்திவிட்டு ஞாயிறு மட்டும் கல்யாணம் எடுக்கிறவர்? அன்றைக்கு அவர் புரொபஷனல். போட்டி நடத்துகிறவர்கள் சில சமயம் ‘வருமானத்தில் பாதிக்கு மேல் இதிலிருந்து வந்தால்’ என்று கோடு போடுவார்கள். அது அவர்கள் வசதிக்கு. டாக்டருக்கும் வக்கீலுக்கும் இருப்பதுபோல நம் நாட்டில் போட்டோகிராபருக்கு உரிமம் கிடையாது, யாரும் போர்டு மாட்டலாம். இதற்கு ஒரு விலக்கு உண்டு, ட்ரோன்: 250 கிராமுக்கு மேற்பட்டதைக் காசுக்குப் பறக்கவிட்டால், 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி அதற்கான பைலட் சான்றிதழ் வேண்டும். போனில் எடுத்துக் காசு வாங்கினால்? பேசிய தரத்தில் கொடுக்க முடிந்தால் அதுவும் தொழில்தான். கோயிலின் இருட்டு மண்டபத்துக்குள் போனால் போன் திணறும், அப்போது பேசிய தரம் என்னாகும் என்பதை யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டால் சரி.

இரவு ஒன்பது மணிக்கு வந்தவர்

கடைசியாக ஒன்று. ஸ்டுடியோ ஷட்டரைப் பாதி இறக்கிவிட்ட நேரத்தில் ஒரு பையன் வந்து குனிந்து எட்டிப் பார்த்தான். அப்பா போய்ப் பதினைந்து நாள். மறுநாள் பதினாறாம் நாள் காரியம். மாலை போட ஒரு படம் வேண்டும், வீட்டில் இருப்பது வாக்காளர் அட்டை மட்டும். அதை எடுத்துக் காட்டினான். முகம் ஒரு கரும்புள்ளி.

அண்ணாச்சி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அப்பா என்ன வேல பாத்தாவ?”

“சமையல் வேலைக்குப் போவாவ அண்ணாச்சி. தவசிப்பிள்ளை கூட.”

“யாரு கூட?”

பெயரைச் சொன்னான். அண்ணாச்சி பழைய ஆர்டர் நோட்டை எடுத்தார். அந்தத் தவசிப்பிள்ளை சமைத்த கல்யாணங்களில் எவை நாங்கள் எடுத்தவை என்று விரல் வைத்துக்கொண்டே வந்தார். ஏழு கிடைத்தன. டிஸ்க்கை மாட்டி, ஒவ்வொன்றிலும் பந்திப் படங்களை மட்டும் நகர்த்தினேன். ஆல்பத்துக்குப் போகாத படங்கள். வீட்டார் கேட்காத படங்கள். நான்காவது கல்யாணத்தில், சாம்பார் வாளியோடு ஒருவர் வரிசையின் கோடியில் நிற்கிறார். தோளில் ஈரிழைத் துண்டு. யாரோ கூப்பிட்டதற்குத் திரும்பி, பாதி சிரித்திருக்கிறார்.

பையன் ஒன்றும் சொல்லவில்லை. திரையில் விரலை வைத்தான்.

“பன்னெண்டுக்குப் பதினஞ்சு, பிரேமோட நானூத்தியம்பது” என்றார் அண்ணாச்சி. “காரியம் எத்தன மணிக்கு?”

“ஏழரைக்கு.”

“ஆறு மணிக்கு வா.”

பையன் போன பிறகு பின்னணியில் இருந்த வாளிகளையும் இலைகளையும் அழித்து, முகத்தின் மேல் விழுந்த டியூப்லைட் வெளிச்சத்தைக் குறைக்க எனக்கு இரண்டரை மணி நேரம் ஆனது. துண்டை அழிக்க வேண்டாம் என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார். காலையில் ஐந்தே முக்காலுக்கு அவர் கடை ஷட்டரைத் தூக்கினபோது பையன் ஏற்கெனவே வாசலில் நின்றுகொண்டிருந்தான்.